சாமிக்குத் தனிச் சட்டி

மயிலாப்பூரில் கல்யாணம் வைத்திருந்தவர்கள் ஜாதகத்துக்கு ஜோசியரிடமும் சமையல்காரருக்கு வேம்புவிடமும் போவார்கள். இருவரில் வேம்பு சொன்னதுதான் அதிகம் பலித்தது. சித்திரைக்குளத்தின் அருகே குடியிருந்த அவருக்கு எழும்பூரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் சூப்பரின்டெண்ட் உத்தியோகம். அதை ஒழுங்காகச் செய்தார் என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அவருடைய பெயர் நின்றது நாக்கில்தான்.

புதிதாக ஒரு சமையல்காரர் தலையெடுத்தால், பெண்ணைப் பெற்றவர்கள் அவர் சமைக்கும் ஏதோ ஒரு கல்யாணத்துக்கு வேம்புவை அழைத்துப்போய்ப் பந்தியில் உட்காரவைப்பார்கள். வேம்பு உள்ளங்கையைக் குழித்து ரசத்தை வாங்கி உறிஞ்சுவார். கண்ணை மூடிக்கொள்வார். பிறகு இரண்டில் ஒன்றைச் சொல்வார். "போடலாம்" என்றால் அந்தச் சமையல்காரருக்கு அந்த முகூர்த்த சீசன் முழுக்க ஓய்வில்லை. "பார்க்கலாம்" என்றால் அவர் நங்கநல்லூர்ப் பக்கம் முயற்சி செய்துகொள்ளலாம். இவ்வளவுக்கும் எந்தச் சமையல்காரரிடமும் ஒரு டம்ளர் காப்பிகூடச் சும்மா வாங்கிக் குடித்ததில்லை. பொய் சொல்லாத நாக்கு என்று ஊரில் பெயர். சாப்பாட்டு விஷயத்தில் அது உண்மை. மற்ற விஷயங்களில் அவரும் எல்லோரையும் போலத்தான்.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் ஆனி மாதம் அவருடைய அம்மா காலமானாள். உயிரோடு இருந்தபோது அவள் பேச்சை வேம்பு கேட்டதாக யாருக்கும் ஞாபகமில்லை. போன பிறகாவது ஒரு வருஷம் கேட்பது என்று தீர்மானித்தார். காரியம் செய்கிற கர்த்தாவுக்கு வருஷம் முழுக்க நியமம் உண்டு. வெளியில் கை நனைக்கக் கூடாது. கல்யாணப் பந்தி கிடையாது. வெங்காயம் கிடையாது, பூண்டு என்று வாயால் சொல்வதுகூடக் கொஞ்சம் அதிகம். மாதாமாதம் அம்மாவின் திதியில் மாசிகம் என்கிற சிராத்தம். முந்தின நாள் ஒரே வேளைச் சாப்பாடு, ராத்திரிக்கு ஏதாவது பலகாரம். அந்த வருஷம் மயிலாப்பூர்க் கல்யாணங்களுக்குத் தீர்ப்புச் சொல்ல ஆளில்லை.

அவருக்கு விதித்ததையெல்லாம் அவர் மனைவி ஸ்ரீலக்ஷ்மி தனக்கும் விதித்துக்கொண்டாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. கொலு வைக்கவில்லை. சித்தி பெண் கல்யாணத்துக்குப் போகவில்லை. சின்ன வெங்காய சாம்பார் என்றால் உயிரை விடுகிற மனுஷி, வருஷம் முழுக்க வெங்காயக் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். "நீங்க ஒருத்தர் மட்டும் பத்தியமா சாப்பிடறதைப் பார்த்துண்டு நான் எப்படின்னா சாப்பிடறது?" என்றாள். வேம்புவுக்கு அப்போது பெருமையாக இருந்தது. பிற்பாடு அந்த வாக்கியம் வேளை தவறாமல் வந்து அவர் தொண்டையில் நின்றது.

ஆவணி மாசிகத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வேம்பு நடக்கப் போனார். சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். வழக்கமாகச் சாந்தோம் வரை போய்த் திரும்புகிறவர், அன்றைக்குப் பசி மறக்கட்டும் என்று பட்டினப்பாக்கம் வரை போய்விட்டார். அம்மாவின் அஸ்தியைக் கரைத்ததும் அந்தக் கடலில்தான். அந்த வகையில் அது ஒரு புண்ணிய நடை என்றும் சொல்லலாம். ஹவுசிங் போர்டு வீடுகளைத் தாண்டி, வலை காயப்போட்டிருந்த மணலை ஒட்டி வரும்போது ஒரு வாசனை அவரைப் பிடித்து நிறுத்தியது.

மீன் வாசனை இருக்கத்தான் செய்தது. அதற்குப் பின்னால் வேறொன்று. பூண்டு, எண்ணெய், அதோடு கபாலி கோயில் பூமாலையில் வருகிற ஒரு பச்சை வாசனை. இந்த மூன்றும் ஒரே இடத்தில் இருக்க நியாயமே இல்லை.

ஐஸ் உடைக்கிற கொட்டகைக்குப் பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு சின்னக் கடை. வாசலில் ஒரு பெண் பலகை போட்டு உட்கார்ந்து சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேல், நீலப் பெயின்ட்டில், 'அறிவு மெஸ். இத்தாலி சாப்பாடு கிடைக்கும்' என்று எழுதியிருந்தது. உள்ளே, குறுக்கே கட்டிய நைலான் கயிற்றில், துண்டு உலர்த்துவது போல மாவு நூல் நூலாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னா சாமி, வழி தெரியலையா?" என்று ஒரு குரல் கேட்டது. லுங்கிக்கு மேல் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர், கையில் கரண்டி. அறிவு.

"இல்லைப்பா. இது என்ன வாசனை?"

"இத்தாலி சாப்பாடு. போர்டு போட்டுக்கீதே."

"இங்கேயா?"

"அங்க இருந்தா நீ வருவியா? வர மாட்டல்ல. அதான் நான் இட்டாந்துட்டேன்."

அறிவு பத்துப் பன்னிரண்டு வருஷம் சரக்குக் கப்பல் சமையலறையில் இருந்தவர். தலைமைச் சமையல்காரர் ஜெனோவாக்காரராம். அவரிடம் திட்டு வாங்கி வாங்கிக் கற்றதாக அறிவு பெருமையோடு சொன்னார். "அவன் திட்டு எல்லாம் எனக்கு மனப்பாடம் சாமி. சொல்லட்டா? அம்மா அக்கா எல்லாம் வரும்."

"வேண்டாம். நான் வெளியில் சாப்பிடறதில்லை."

"நான் உன்னை துன்னச் சொன்னனா?" என்றார் அறிவு. "நீயா வந்து நின்னுக்கினு மூஞ்சிய உள்ள நீட்டிக்கினுகீற."

வாசலில் இருந்த பெண் சிரித்தாள். அவள் அறிவின் மனைவி முத்தம்மா. "ஐயரு மீனுன்னு பயப்படறாரு," என்றாள்.

"மீனு கலக்காது சாமி. அவ கத்தி அந்தாண்ட, என் சட்டி இந்தாண்ட. அடுப்புகூட வேற."

அடுத்து நடந்ததற்கு வேம்புவிடம் விளக்கம் இல்லை. 'நாளைக்கு மாசிகம்' என்று அவர் மனசு சொல்லிக்கொண்டிருந்தபோதே உடம்பு பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டது. வந்தது பச்சைத் துவையலில் புரட்டிய நூல் மாவு. கபாலி கோயில் வாசனை எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. திருநீற்றுப்பச்சை. மாட வீதியில் மாலை கட்டுகிறவர்களிடம் வாங்கி வந்து, பூண்டும் முந்திரியும் சேர்த்து அம்மியில் அரைத்திருந்தார் அறிவு. ஹார்பரில் இறங்குகிற கப்பல் சிநேகிதர்கள் கொண்டுவந்து கொடுத்த பாலாடைக்கட்டியை மேலே துருவிப் போட்டிருந்தார். ஆலிவ் எண்ணெய், மருந்துக் கடையில் குழந்தைக்குத் தடவ விற்கிற குட்டி பாட்டிலில் இருந்து.

வேம்பு கையை வைத்துப் பிசையப் போனார்.

"அய்ய! பெசையாத சாமி. இது இன்னா தயிர் சாதமா? முள்ளு கரண்டில சுத்து."

சுற்றினார். நழுவியது. மறுபடியும் சுற்றி வாயில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணுக்குள் அம்மா வரவில்லை. நேர்மையாகச் சொன்னால் யாருமே வரவில்லை.

"போடலாம்," என்று அவர் வாய் தன்னால் சொன்னது.

"இன்னும் போடவா? பசில வந்துக்கீற போல," என்று அறிவு தட்டை நிரப்பினார்.

மறுநாள் மாசிகத்தில் வேம்பு தர்ப்பைக் கூர்ச்சத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது பூண்டு ஏப்பம் வந்தது. ராத்திரியே பல் தேய்த்திருந்தார், காலையில் கிராம்பு மென்றிருந்தார். பூண்டு எதையும் மதிக்கவில்லை. எதிரே இருந்த சுப்பராமன் சாஸ்திரிகளின் மூக்கு ஒரு தரம் விடைத்து அடங்கியது. அவர் மந்திரத்தை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் தேவலை என்று வேம்புவுக்குத் தோன்றியது. பூணூலை இடம் மாற்றி எள்ளும் தண்ணீரும் விட்டபோது 'இந்த ஒரு தடவைதான்' என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டார். அம்மா அதை நம்பியிருக்க மாட்டாள். ஹோட்டலுக்குப் போகமாட்டேன் என்று பள்ளிக்கூட நாளிலேயே அவளிடம் பலமுறை சத்தியம் செய்தவர் அவர்.

ஒரு தடவை என்பது மாதம் ஒரு தடவை ஆயிற்று. பிறகு வாரம் ஒரு தடவை. தக்காளியும் பூண்டும் வதக்கியது ஒரு நாள், வெறும் பூண்டும் எண்ணெயும் மிளகாயும் ஒரு நாள். சாப்பிட்டுவிட்டுக் கடலோரம் நின்று காற்று வாங்கி, வாசனை போனதாக நினைத்துக்கொண்டு வீடு திரும்புவார். ஸ்ரீலக்ஷ்மி கஞ்சியோ அவலோ வைத்துக்கொண்டு காத்திருப்பாள். "பசிக்கலை," என்பார். அவள் அவர் முகத்தைப் பார்ப்பாள், தட்டை எடுத்துப்போவாள்.

அறிவிடம் அவர் தன் பெயரைச் சொல்லவில்லை. சாமி என்பதே போதுமானதாக இருந்தது. "உனக்குன்னு தனிச் சட்டி வாங்கியாந்துக்கீறேன் சாமி, பாரு," என்று ஒரு நாள் அறிவு ஒரு புது அலுமினியச் சட்டியைக் காட்டினார். "இதுல வேற எதுவும் ஏறாது." வேம்புவுக்குக் கண் கலங்கியது. பழியைப் பூண்டின் மேல் போட்டுவிட்டார்.

கடை நன்றாக இருந்தது, கூட்டம்தான் இல்லை. கப்பல் பையன்கள் சிலர், எப்போதாவது வழிதவறி வரும் கல்லூரிக்காரர்கள், அப்புறம் வேம்பு. மார்கழி வாக்கில் அறிவு ஒரு செய்தி சொன்னார். தரமணிப் பக்கம் ஷூ கம்பெனி ஒன்றில் மிஷின் பூட்ட இத்தாலிக்காரர்கள் வந்திருக்கிறார்கள். பாலவாக்கத்தில் கெஸ்ட் ஹவுஸ். அதில் இரண்டு பேர் எப்படியோ கடையைக் கண்டுபிடித்து வந்து, தட்டை வழித்துவிட்டு அறிவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்களாம். தினமும் மத்தியானச் சாப்பாடு இங்கிருந்தே எடுக்கலாமா என்று கம்பெனியில் பேச்சு.

"அது மட்டும் ஆயிடுச்சுன்னா சாமி, கடலைப் பாத்துக்கினு உக்காரலாம். அதுல ஏற வாணாம்."

வாசலில் இருந்து முத்தம்மா குரல் கொடுத்தாள். "ஏறித்தான் பாரேன். இவன் கப்பல்ல கீறப்பவே என் ரெண்டு புள்ளையும் பொறந்துச்சு சாமி. இன்னொரு தபா போனான்னா, திரும்பி வரச்சொல்லோ இந்த வூட்ல நான் இருக்க மாட்டேன்."

"நல்லபடியா ஆகும்," என்றார் வேம்பு. மனசாரத்தான் சொன்னார்.

தை மாசிகத்துக்கு ஸ்ரீலக்ஷ்மியின் தம்பி ஜெயராம் வந்திருந்தான். பிராம்மணர்கள் சாப்பிட்டுப் போய்விட, சுப்பராமன் சாஸ்திரிகள் மட்டும் ஊஞ்சலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். ஜெயராமுக்கு ஒரு ஷூ கம்பெனியில் நிர்வாகம் பார்க்கிற வேலை என்பது வேம்புவுக்குத் தெரியும். அது எந்த ஷூ கம்பெனி என்று அவன் வாயைத் திறக்கும்வரை யோசிக்காததுதான் பிசகு.

"அத்திம்பேர், ஒரு ஒத்தாசை. பட்டினப்பாக்கத்துல எவனோ இத்தாலி சாப்பாடு போடறானாமே! எங்க வெள்ளைக்காரா ரெண்டு பேர் போயிட்டு வந்து ஒரே புராணம். அவன்கிட்டயே ஏற்பாடு பண்ணலாமான்னு எம்.டி. கேக்கறார். நேக்கு என்ன தெரியும்? எங்க அத்திம்பேர் ஒரு வார்த்தை சொன்னா அதுக்கு மேல அப்பீல் கிடையாதுன்னுட்டேன். நீங்க சாயங்காலம் அந்தப் பக்கம்தானே நடக்கறேள்?"

"கர்த்தாகிட்ட போய்க் கேக்கறியே," என்றார் சாஸ்திரிகள். "வருஷத்துல அவர் அந்த வாசனையைக்கூட முகரப்படாது."

சமையலறை வாசற்படியில் ஸ்ரீலக்ஷ்மி நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் செருகிய மடிசாரை இன்னும் அவிழ்க்கவில்லை. விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்ற முகம். வேம்பு அவளைப் பார்த்தார். சாஸ்திரிகளின் மூக்கைப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் போயிருக்கேன்," என்றார். "வாசல்லயே மீன் ஆயறா. நாத்தம் குடலைப் புரட்டறது."

"சாப்பாடு?"

"பார்க்கலாம்."

"பார்க்கலாம்னுட்டேளா? அப்ப முடிஞ்சுது!" ஜெயராம் சிரித்தான். "நல்ல வேளை, உங்களைக் கேட்டேன்."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. வாசலில் மீன் ஆய்ந்தார்கள், வாடை அடித்தது; 'பார்க்கலாம்' என்பதுகூட அகராதிப்படி மறுப்பில்லை. அதில் இருந்த அயோக்கியத்தனமே அதுதான். கூசாமல் ஒரு பொய் சொல்லியிருந்தால்கூட மறுநாள் மாற்றியிருக்கலாம். உண்மையை எப்படி மாற்றுவது? மறுநாள் லஸ் முனையில் ஒரு எஸ்.டி.டி. பூத்துக்குள் போய் ஜெயராமுக்குப் போன் போட்டார். அவன் எடுத்ததும், "குழந்தைக்கு ஜலதோஷம் தேவலையா?" என்று கேட்டு வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் கடைக்குப் போகாமல் இருந்திருக்க வேண்டும். போனார். அறிவு மாவைக் கத்தியால் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"கம்பெனி ஆர்டரு ஓட்டலுக்குப் பூடுச்சு சாமி. டிரைவரு சொன்னான். யாரோ மயிலாப்பூரு ஐயராம். சோத்துல பெரிய ஆளாம். நாறுதுன்னு சொல்ட்டாராம்."

வேம்பு நின்றபடி நைலான் கயிற்றில் தொங்கிய மாவைப் பார்த்தார்.

"வந்து ஒரு வாயி துன்னுட்டு சொல்லியிருந்தா கூட மனசு ஆறும்," என்றார் அறிவு. "நீ இன்னா சாமி நின்னுக்கினுகீற? உக்காரு. உன்னிய மாதிரி ஒரு ஆளு போதும் எனக்கு."

அன்றைக்கு வேம்பு இரண்டு தட்டு சாப்பிட்டார். குற்ற உணர்ச்சி பசியைக் கெடுக்கும் என்று நினைப்பவர்கள் நல்ல சமையலைச் சந்திக்காதவர்கள். திரும்பி நடக்கும்போது ஒரு முடிவுக்கு வந்தார். ஆனி வரட்டும், வருஷத் திதியான ஆப்திகம் ஆகட்டும். நியமம் முடிந்த மறுநாள் எல்லோரிடமும் சொல்லிவிடுவது. அதுவரை அந்தப் பக்கம் தலைகாட்டுவதில்லை. இதில் முதல் பாதி நியாயம், இரண்டாம் பாதி பிராயச்சித்தம் என்று அவருக்குப் பட்டது. தவறாமல் வரும் ஒரே வாடிக்கையாளரும் வராமல் போனால் கடை என்ன ஆகும் என்பது அவருக்குப் படவில்லை.

ஆனியில் ஆப்திகம் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலையில் ஸ்ரீலக்ஷ்மி வெங்காயக் கூடையை நிமிர்த்தி, ஒரு வருஷத்துக்கு அப்புறம் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிய, முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். வேம்பு எதிரில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். ஆவணியில் ஆரம்பித்துத் தையில் சொன்ன வார்த்தை வரைக்கும்.

அவள் உரித்த வெங்காயத்தைத் தட்டில் வைத்தாள்.

"பூண்டு வாடை நேக்குத் தெரியாதான்னா? ஆவணிலேர்ந்து உங்க சட்டையில அடிச்சிண்டிருந்தது."

"தெரிஞ்சுண்டா பேசாம இருந்தே?"

"ஹார்ட்டுக்குப் பூண்டு மாத்திரை குடுக்கறாளே, அதைத்தான் சாப்பிடறேள்னு நெனச்சேன். கர்த்தாவா இருந்துண்டு பூண்டு சாப்பிட வேண்டியிருக்கேன்னு கூச்சம், அதான் மறைக்கறேள்னு. ராத்திரியில பசிக்கலை பசிக்கலைன்னு வேற சொன்னேளா, டாக்டர் என்னவோ பெரிசா சொல்லிட்டார்னே நெனச்சேன்." அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். "சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு பொழுது இருந்துண்டிருக்கேன். உங்க நெஞ்சுக்காக."

வெங்காயம் உரித்தது அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டது அவர்.

ஜெயராம் போனில் சிரித்தான். "இத்தாலிக்காராளா? போன மாசமே மூட்டை கட்டிண்டு போயாச்சு அத்திம்பேர். அது நல்ல கடையா? ஏன், என்ன ஆச்சு?"

"அழைச்சுண்டு போங்கோ," என்றாள் ஸ்ரீலக்ஷ்மி, அவர் போனை வைத்ததும். "அந்தக் கடையை நானும் பார்க்கணும்."

சாயங்காலம் போனார்கள். நீல எழுத்து மங்கியிருந்தது. நைலான் கயிற்றில் இப்போது நிஜமாகவே துண்டுதான் உலர்ந்தது. முத்தம்மா பலகையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வா சாமி. எங்க பூட்ட இத்தினி நாளா? அது கப்பலுக்குப் போயி ரெண்டு மாசம் ஆவுது."

வேம்பு நின்ற இடத்திலேயே நின்றார். "நீ... இருக்க மாட்டேன்னியேம்மா?"

"எங்க போறது? வாயால சொன்னா ஆச்சா? புள்ளைங்களுக்கு சோறு வாணாமா?" ஸ்ரீலக்ஷ்மியைப் பார்த்தாள். "அம்மா யாரு, வூட்லயா? உக்காரும்மா. மீனு வாடைன்னு பாக்காத."

ஸ்ரீலக்ஷ்மி புடவைத் தலைப்பை மூக்கு வரை கொண்டுபோய், கீழே இறக்கிவிட்டு, பெஞ்சியில் உட்கார்ந்தாள்.

வேண்டாம் என்றாலும் முத்தம்மா விடவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பரணிலிருந்து அந்த அலுமினியச் சட்டியை இறக்கினாள். அதில் வேறு எதுவும் ஏறவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. அறிவு காயவைத்துவிட்டுப் போன கடைசி மாவு ஒரு டப்பாவில் இருந்தது.

"சாமி, நீ படிச்சவரு. மயிலாப்பூர்ல நாலு பேரைத் தெரியும். அந்த ஐயரு யாருன்னு விசாரிச்சு சொல்லேன்," என்றாள் கிளறிக்கொண்டே. "சண்டைக்கு இல்ல. மூஞ்சிய ஒரு தபா பாக்கணும்."

வேம்பு ஸ்ரீலக்ஷ்மியைப் பார்த்தார். அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்மா அந்த ஐயர்," என்றார்.

முத்தம்மாவின் கரண்டி நின்றது. அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"சும்மா கெட சாமி! தட்டை வழிச்சு துன்ன ஆளு நீ. நீ துன்றத பாத்து எங்காளு கண்ணுல தண்ணி வுடுவான். மயிலாப்பூர்ல எங்க சோத்தை மதிச்ச ஒரே மனுசன் எங்க சாமிதான்னு சொல்லிக்கினேதான் கப்பல் ஏறுச்சு." ஸ்ரீலக்ஷ்மியிடம் திரும்பினாள். "பாத்தியாம்மா, நான் மனசு கஷ்டப்படறேன்னு தமாஷ் பண்றாரு."

"தமாஷ் இல்லைம்மா," என்றார் வேம்பு. "சத்தியமா நான்தான்."

"சரி சரி. துன்னு."

தட்டு வந்தது. மாவு குழைந்து களியாகியிருந்தது. உப்பு கரித்தது. திருநீற்றுப்பச்சைக்குப் பதில் கொத்தமல்லி. பூண்டு ஒரு பக்கம் கருகி, ஒரு பக்கம் பச்சையாக. வேம்பு ஒரு வாய் எடுத்துக் கண்ணை மூடினார். இந்தத் தடவை மூடிய கண்ணுக்குள் ஆட்கள் நிறையவே வந்தார்கள்.

"எப்டி கீது சாமி? அது பண்ற மாதிரி வருமா?"

"போடலாம்," என்றார் வேம்பு.

ஸ்ரீலக்ஷ்மியும் ஒரு வாய் எடுத்து வைத்தாள். மெதுவாக மென்று முழுங்கினாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவர் தட்டு காலியாகிற வரை காத்திருந்தாள். பிறகு முத்தம்மாவைப் பார்த்து, கல்யாணப் பந்தியில் விசாரிக்கிற மாதிரி வெகு பிரியமாகச் சொன்னாள்:

"மாமாவுக்கு இன்னும் கொஞ்சம் போடும்மா. அவருக்கு இது ரொம்பப் பிடிக்கும்."